ஒரு சொட்டுக் குளத்து நீர்: ஃபோல்ட்ஸ்கோப்பா, பள்ளி நுண்ணோக்கியா?

பிள்ளைக்கு எந்த நுண்ணோக்கி வாங்கலாம் என்று கேட்பவர்களிடம், எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்பேன். பச்சை பூத்த குளத்து நீர் என்றால் பதில் அவ்வளவு சுலபமில்லை.

ஃபோல்ட்ஸ்கோப் காகிதத்தில் மடித்துச் செய்வது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மனு பிரகாஷ் குழு 2014-இல் அறிமுகப்படுத்தியது. கடுகைவிடச் சற்றே பெரிய கண்ணாடிக் குண்டுதான் லென்ஸ். பெருக்கம் 140 மடங்கு. சட்டைப்பையில் வைத்துக்கொண்டு குளத்தங்கரைக்கே போகலாம், காந்தம் வைத்துக் கைப்பேசியில் ஒட்டிப் படமும் எடுக்கலாம். கை நடுங்கினால் காட்சியும் நடுங்கும், அதுதான் தொல்லை.

பள்ளி நுண்ணோக்கியில் 40, 100, 400 மடங்கு என்று படிப்படியாக ஏறலாம். ஆனால் 40 எண் போட்ட லென்ஸுக்கும் ஸ்லைடுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அந்த நிலையில் பெரிய திருகைத் திருப்பி, 'கிரக்' என்று ஸ்லைடை உடைத்தவன் நான். சின்னத் திருகை மட்டும் தொடுங்கள்.

சரி, குளத்து நீரில் வாழும் ஒற்றைச் செல் உயிரியான யூக்ளினாவுக்கு வருவோம். காகிதக் கருவியில் அது பச்சையாக நெளிந்து ஓடும், முனை கூர்ந்த ஒரு சின்ன உருவம், அவ்வளவுதான். பச்சையாக இருப்பதால் தாவரம், ஓடுவதால் விலங்கு என்று வீட்டில் சண்டை வரும். உயிர்களைத் தாவரம், விலங்கு என்று மட்டும் பிரித்த லின்னேயஸின் இரண்டு உலகப் பிரிவில் இதற்குத் தீர்ப்பே கிடையாது. பள்ளி நுண்ணோக்கியின் 400 மடங்கில், பச்சையம் இருக்கும் பசுங்கணிகங்கள் தனித்தனியாகத் தெரியும், சிவப்புக் கண்புள்ளியும் தெரியும். ஒளித்துளையைச் சுருக்கினால் நீந்த உதவும் கசையிழை அடிப்பதையும் பிடிக்கலாம். சூழலியலாளர் விட்டேக்கர் 1969-இல் முன்வைத்த ஐந்து உலகப் பிரிவில் இது ஏன் உட்கரு உள்ள ஒற்றைச் செல் உயிரிகளின் உலகமான புரோட்டிஸ்டாவுக்குப் போனது என்று அப்போது பிள்ளைக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. இன்னொரு ஒற்றைச் செல் உயிரியான பாரமீசியம் மட்டும் நிற்காமல் ஓடும். கவர் ஸ்லிப்புக்கு அடியில் நாலு பஞ்சு இழை போட்டால் சிக்கிக்கொள்ளும்.

பாக்டீரியா போன்ற உட்கரு இல்லாத உயிரிகளின் உலகமான மொனிரா என்று வந்தால் காகிதம் தோற்றுவிடும். அதில் பிரித்தறிய முடிவது ஏறத்தாழ 2 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு பங்கு) வரைதான், பல பாக்டீரியாக்கள் அதைவிடச் சின்னவை. அதற்காகப் பெரிய கருவிக்கு முழு வெற்றி என்றும் சொல்ல மாட்டேன். பாக்டீரியாவையும், தோற்றத்தில் அதைப் போலவே இருக்கும் வேறு வகை நுண்ணுயிரியான ஆர்க்கியாவையும் பார்வையால் பிரிக்க அதாலும் முடியாது. 1977-இல் கார்ல் வூஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் அவற்றைப் பிரித்தது, செல்லில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமில் உள்ள ஆர்.என்.ஏ. என்ற மரபு மூலக்கூறை ஒப்பிட்டு.

பத்து வயதுக்குள் என்றால் ஃபோல்ட்ஸ்கோப் வாங்குங்கள். யூக்ளினா சண்டை வீட்டில் முற்றினால், அப்புறம் மற்றதைப் பார்க்கலாம்.