லல்வொர்த் கோவ்: குடும்பத்தோடு போக ஏற்ற கூழாங்கல் கடற்கரையா?

இங்கிலாந்தின் தென்கரையில், டோர்செட் மாவட்டத்தில் இருக்கும் லல்வொர்த் கோவின் படங்கள் பெரும்பாலும் குன்றின் உச்சியிலிருந்து எடுக்கப்பட்டவை. வட்டமான நீலக் குடாவும் அதைச் சூழ்ந்த வெள்ளைக் குன்றும் அந்தப் படங்களில் அழகாகத் தெரியுமே தவிர, கரையில் இறங்கினால் காலடியில் என்ன இருக்கும் என்பது தெரியாது. குழந்தைகளையும் வயதான பெற்றோரையும் அழைத்துச் செல்கிறவர்களுக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான். இங்கே மணல் கிடையாது. கரை முழுவதும் கூழாங்கல். அதை முன்கூட்டியே அறிந்து, அதற்கேற்ற செருப்பும் நாற்காலியும் நேரக் கணக்கும் கொண்டு வருகிற குடும்பத்துக்கு, தென் இங்கிலாந்தில் இதைப் போல அலைக்கு ஒதுக்குப்புறமான, ஒரே பார்வையில் எல்லாக் குழந்தைகளையும் கண்காணிக்கக்கூடிய கடற்கரைகள் மிகக் குறைவு என்பது என் கருத்து.

அந்தப் பாதுகாப்பு எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதித் திட்டமிடல் முடிந்துவிடும். இந்தக் கரையில் கடலை நேரடியாக எதிர்கொண்டு நிற்பது போர்ட்லாண்ட் சுண்ணாம்புக்கல் என்னும் கடினமான பாறை. அதற்குப் பின்னால் பர்பெக் என்னும் பாறை அடுக்குகள், அவற்றுக்கும் பின்னால் மென்மையான மணலும் களிமண்ணும், கடைசியாகச் சாக் என்னும் வெள்ளைச் சுண்ணாம்புக் குன்று. முன்வரிசைப் பாறை ஓரிடத்தில் உடைந்ததும், கடல் அந்தக் குறுகிய வாசல் வழியே நுழைந்து பின்னால் இருந்த மென்மையான மண்ணை இரு பக்கமும் அரித்துக்கொண்டு போய், சாக் குன்றை எட்டியதும் வேகம் குறைந்து நின்றது. கடந்த சுமார் 10,000 ஆண்டுகளுக்குள் நடந்த வேலை இது என்று நிலவியலாளர்கள் சொல்கிறார்கள். விளைவு, கிட்டத்தட்ட முழு வட்டமான ஒரு குடா. வெளியே ஆங்கிலக் கால்வாயில் அலை எழும்பும் நாளிலும், வாசலின் இரு பக்கப் பாறைகள் அதன் வேகத்தைப் பெருமளவு உடைத்துவிடுவதால், உள்ளே கரையோரம் சலசலப்பு மட்டும்தான் இருக்கும். தெற்கிலிருந்து பலமாகக் காற்றடிக்கும் நாள் மட்டும் இதற்கு விலக்கு. வாசல் தெற்கு நோக்கி இருப்பதால் அன்றைக்கு அலை நேராக உள்ளே வந்துவிடும்.

ஓதத்தைப் பற்றி இங்கே அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. பிரிஸ்டல் கால்வாய்ப் பக்கம் பன்னிரண்டு மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும் நீர்மட்டம், இந்தப் பகுதியில் பெரிய ஓத நாட்களிலும் ஏறக்குறைய இரண்டு மீட்டர் அளவே மாறுகிறது. அருகிலுள்ள போர்ட்லாண்ட் தீவை ஒட்டிய கடலில், நீர் ஒருமுறை வற்றிச் சற்றே ஏறி உடனே மறுபடியும் வற்றுகிற விசித்திரமும் உண்டு. கடற்கரை முழுவதும் மூழ்கிவிடுமோ என்ற பயம் தேவையில்லை. ஆனால் கரை குறுகலானது என்பதால், விரிப்பை விரிக்கும்போது கல்மேட்டின் மேல்பகுதியைத் தேர்ந்தெடுப்பது நல்லது. குடாவின் ஓரங்களில் பாறை முனைகளைச் சுற்றி நடந்து போவதைத் தவிர்க்க வேண்டும்.

இனி கூழாங்கல். சிக்கிமுக்கிக் கல்லும் சாக்கும் சுண்ணாம்புக்கல்லும் கலந்து, கோலிக்குண்டு அளவிலிருந்து உள்ளங்கை அளவு வரை உருண்டு கிடக்கின்றன. காய்ந்த நிலையில் எல்லாம் ஒரே சாம்பல் வெள்ளையாகத் தெரியும் கற்கள், அலை வந்து நனைத்துவிட்டுப் போனதும் தேன் நிறமும் பழுப்பும் கருநீலமுமாகப் பிரிந்து தெரியும். குழந்தைகள் வாளியில் தண்ணீரை மொண்டு கற்களை அதில் போட்டுப் போட்டுப் பார்ப்பதிலேயே ஒரு முற்பகலைக் கழித்துவிடுவார்கள். மணல் வீடு கட்ட முடியாது என்று முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் பிள்ளைக்கு இதைக் காட்டினால் போதும். ஆனால் எடுத்த கற்களை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும். கடற்கரைக் கற்களை அள்ளிச் செல்வது பிரிட்டனின் 1949ஆம் ஆண்டுக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தடை செய்யப்படக்கூடியது என்பதோடு, அந்தக் கல்மேடுதான் பின்னால் உள்ள குன்றின் அடிவாரத்தை அலையிலிருந்து காக்கிறது. கிளம்பும் நேரத்தில் பிள்ளைகளின் பைகளை ஒருமுறை சோதிப்பது பெற்றோர் கடமை.

வெறுங்காலோடு இந்தக் கற்களில் நடப்பது பெரியவர்களுக்கே வேதனை. ரப்பர் அடிப்பாகம் உள்ள நீர்க்காலணி, அதாவது கடைகளில் வாட்டர் ஷூ என்று கிடைப்பது, குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு சோடி வேண்டும். கட்டைவிரலில் மாட்டும் ரப்பர் செருப்பு தண்ணீரில் கழன்று மிதந்துவிடும் என்பதால் அது இதற்கு ஈடாகாது. மடக்கு நாற்காலியிலும் கவனம் தேவை. மெல்லிய கம்பிக் கால்கள் கற்களுக்குள் ஒரு பக்கமாகப் புதைந்து, உட்கார்ந்திருப்பவர் சாய்ந்துவிடுவார்; மூட்டு வலியுள்ள அம்மாவையோ மாமனாரையோ அழைத்துச் செல்வதாக இருந்தால், அடியில் குறுக்குச் சட்டம் உள்ள, உயரமான, கைப்பிடி கொண்ட நாற்காலியே சரி. தரையில் உட்காருவோருக்கு ஒற்றை விரிப்பு போதாது. சற்றுத் தடித்த பாயோ யோகா விரிப்போ அடியில் இருந்தால்தான் அரை மணிக்கு மேல் உட்கார முடியும். சிறு குழந்தையின் தள்ளுவண்டி, படகுகளை இறக்கும் சாய்தளம் வரை தார்ச்சாலையில் சிரமமின்றி வரும். அதற்கப்பால் கற்களில் ஓரடி கூட உருளாது. கைக்குழந்தையைத் துணியில் கட்டியோ தோள்பையில் வைத்தோ கொண்டு போவதே வழி. சக்கர நாற்காலியில் வருபவர்கள் சாய்தளத்தின் மேல்பக்கத்தில் இருந்தபடி குடா முழுவதையும் பார்க்கலாம், ஆனால் கரையில் இறங்குவது கடினம்.

மணல் இல்லாததன் பெரிய லாபத்தை நம்மவர்கள்தான் சரியாக மதிப்பிடுவார்கள் என்று நினைக்கிறேன். எலுமிச்சைச் சாதத்திலும் தயிர்சாதத்திலும் நறநறவென்று எதுவும் கடிபடாது. ஈரத் துண்டை உதறினால் போதும், காரின் இருக்கை சுத்தமாகவே இருக்கும். கடற்புறாக்களிடம் மட்டும் எச்சரிக்கை வேண்டும். கையில் பிடித்திருக்கும் வறுத்த உருளைக்கிழங்கைப் பறந்து வந்து கொத்திக்கொண்டு போகும் துணிச்சல் அவற்றுக்கு உண்டு, டப்பாவை மூடியே வைத்திருங்கள். கரையில் நெருப்பு மூட்டுவதற்கும் பார்பிக்யூ போடுவதற்கும் அனுமதி இல்லை.

தண்ணீர் தெளிவாக இருக்கும். குளிர்ச்சியும் கடுமையாக இருக்கும். இந்தக் கடலின் வெப்பநிலை மே மாதத்தில் ஏறத்தாழ 11 அல்லது 12 டிகிரி, ஆகஸ்டு கடைசியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் 17 அல்லது 18 டிகிரி. வெயில் சுள்ளென்று அடிக்கிற மே மாத நாளில், நம் கடல்களின் நினைப்போடு ஓடிப்போய்க் குதிக்கிற பிள்ளைக்கு மூச்சு ஒரு கணம் நின்றுபோகும். நீச்சலுக்கென்றே போவதாக இருந்தால் செப்டம்பர் முதல் வாரங்கள்தான் என் தேர்வு: தண்ணீர் ஆண்டின் உச்ச வெப்பத்தில் இருக்கும், இங்கிலாந்தில் பள்ளிகள் திறந்துவிட்டிருப்பதால் கூட்டமும் குறையும், பள்ளி செல்லும் பிள்ளைகள் உள்ளவர்களுக்கு வார இறுதி கிடைக்கும். எந்த மாதமானாலும், ரப்பர் நீச்சல் உடை இருந்தால் குழந்தைகள் கூடுதல் நேரம் தண்ணீரில் விளையாடலாம்.

காற்றடைத்த மெத்தை, மிதவை வளையம் போன்றவற்றை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். குடா அமைதியாக இருப்பதாலேயே அவற்றைக் கொண்டு வரத் தோன்றும். ஆனால் வடக்கிலிருந்து, அதாவது நிலத்திலிருந்து கடலை நோக்கி, காற்று வீசும் நாளில் அது மிதவையைச் சத்தமில்லாமல் வாசலை நோக்கித் தள்ளிக்கொண்டு போகும். வாசலுக்கு அப்பால் குடாவின் அமைதி இல்லை. அதே வாசல் வழியாக மீன்பிடிப் படகுகளும் உலாப் படகுகளும் கயாக்குகளும் வந்துபோவதால், நீந்துபவர்கள் கரையை ஒட்டியே இருப்பதும், பளிச்சென்ற நிறத்தில் தொப்பி அணிவதும் நல்லது. உயிர்காப்பாளர் இருப்பார் என்ற எண்ணத்தோடு இங்கே தண்ணீரில் இறங்கக் கூடாது. பெரியவர் ஒருவர் கரையில் செல்பேசியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அவசரமென்றால் 999 எண்ணை அழைத்துக் கடலோரக் காவல்படையைக் கேட்க வேண்டும்.

குன்றின் அடிவாரத்தில் நிழல் இருக்கிறதே என்று சாய்ந்து உட்கார்ந்துவிடக் கூடாது. மழைக்குப் பிறகு மட்டுமன்றி, எந்த முன்னறிவிப்பும் இல்லாமலும் இந்தக் கரையில் பாறைகள் சரிகின்றன. குன்றின் உயரத்துக்கேற்ற தூரம் தள்ளி இருப்பதுதான் ஒரே பாதுகாப்பு. அதனால் நிழல் வேண்டுமென்றால் சிறு கூடாரமோ குடையோ கொண்டு வர வேண்டும். கற்களில் கூடாரத்தின் ஆணி இறங்காது; பைகளில் கற்களைப் போட்டு நான்கு மூலைகளிலும் கட்டுவதுதான் பலரும் செய்வது.

போய்ச் சேருவதில்தான் இந்த இடத்தின் உண்மையான சிக்கல் இருக்கிறது. மேற்கு லல்வொர்த் கிராமத்தின் வழியாக வரும் ஒரே சாலை கடலோடு முடிந்துவிடுகிறது. லண்டனிலிருந்து காரில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். கோடை விடுமுறை ஞாயிற்றுக்கிழமையில் கடைசிச் சில மைல்கள் ஊர்வலம்தான். பெரிய கார் நிறுத்துமிடம் உண்டு, கட்டணம் பருவத்துக்கேற்ப மாறும், வெயில் நாட்களில் முற்பகலிலேயே நிரம்பிவிடும். காலை ஒன்பது மணிக்குள் வண்டியை நிறுத்திவிடுபவருக்கு இது அமைதியான குடா. நண்பகலில் வருபவருக்கு இது கற்களின் மேல் நடக்கும் தேர்த் திருவிழா. மேகம் மூடிய நாளில் போவதிலும் தவறொன்றும் இல்லை. ரயிலில் வர விரும்புகிறவர்கள் லண்டன் வாட்டர்லூவிலிருந்து வேமௌத் செல்லும் வண்டியில் ஏறி வூல் நிலையத்தில் இறங்க வேண்டும். சுமார் இரண்டரை மணி நேரப் பயணம். அங்கிருந்து குடா ஐந்து மைல். பேருந்து சேவை பருவத்தைப் பொறுத்தது என்பதால், திரும்பும் பேருந்தின் நேரத்தைப் புறப்படும் முன்பே குறித்துக்கொள்ள வேண்டும். வாடகைக் கார் நிலைய வாசலில் காத்து நிற்கும் என்று நம்ப வேண்டாம்.

நிறுத்துமிடத்திலிருந்து கடற்கரைக்கு ஐந்து நிமிட நடை, இறக்கம். கழிப்பறையை மேலேயே முடித்துக்கொண்டு இறங்குவது புத்திசாலித்தனம். வழியில் பார்வையாளர் மையமும், ஐஸ்கிரீம் கடையும், மீன் வறுவல் கடையும், சிறு உணவகங்களும் வருகின்றன. அன்றன்று பிடித்த நண்டும் அயிலை இன மீனும் கிடைக்கும் இடம் என்பதால், அசைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் குறையில்லை. சைவர்களுக்குச் சாண்ட்விச்சையும் வறுத்த உருளைக்கிழங்கையும் தாண்டித் தேர்வு குறைவு. ஓர் உணவகத்தில் மதிய நேரத்தில் நாங்கள் காத்திருந்த நேரத்துக்குள் கட்டுச்சோறு இரண்டு சுற்றுப் பரிமாறி முடித்திருக்கலாம். உணவைக் கட்டிக்கொண்டு போய், தேநீரை மட்டும் அங்கே வாங்கிக் குடிப்பதுதான் எங்கள் வழக்கம்.

கரையில் உட்கார்ந்தது போதும் என்று தோன்றும்போது, குடாவின் மேற்குப் பக்கத்தில் சில நிமிட நடையில் உள்ள ஸ்டேர் ஹோலைத் தவறவிட வேண்டாம். அங்கே கடல் இப்போதுதான் சுண்ணாம்புச் சுவரைத் துளைத்து உள்ளே நுழையத் தொடங்கியிருக்கிறது. அருகிலிருக்கும் பெரிய குடாவின் குழந்தைப் பருவம் அது. அங்கே பாறை அடுக்குகள் புடவை மடிப்பைப் போல வளைந்து நெளிந்து கிடப்பதை மேலிருந்தே பார்க்கலாம். 2001இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட, 95 மைல் நீளமுள்ள ஜுராசிக் கடற்கரையில், குழந்தைக்குப் பாடநூல் இல்லாமலே நிலவியலைக் கற்பிக்க இதைவிட எளிதான இடம் எனக்குத் தெரியவில்லை.

புகழ்பெற்ற டர்டில் டோர் பாறை வளைவு அங்கிருந்து ஒரு மைலுக்குச் சற்று அதிகம். தூரம் குறைவுதான், ஏற்றம் கடுமை, திரும்பும்போதும் அதே ஏற்றம். வளைவைக் கீழிருந்து பார்க்கப் படிகளில் இறங்க வேண்டும். அங்கே கடற்கரை சட்டென்று ஆழமாகிவிடும், குடாவின் ஒதுக்கமும் கிடையாது. 2020 மே மாதத்தில் வளைவின் மேலிருந்து குதித்தவர்கள் படுகாயமடைந்து, ஹெலிகாப்டர்கள் கடற்கரையிலேயே இறங்க வேண்டியதாயிற்று. ஆகவே பெரிய பிள்ளைகளோடு ஒருவர் நடந்து போய் வரட்டும், மற்றவர்கள் குடாவிலேயே இருக்கட்டும் என்று பிரித்துக்கொள்வதே நல்ல திட்டம். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் அந்தப் புல்வெளிப் பாதையில் ஆரஞ்சு கலந்த பழுப்பு நிறத்தில் சிறு வண்ணத்துப்பூச்சி பறந்தால் சற்று நின்று பாருங்கள்; 1832இல் இங்கேதான் பிரிட்டனில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டு, லல்வொர்த் ஸ்கிப்பர் என்று ஊர்ப் பெயரையே பெற்றது அது.

குடாவின் கிழக்கே உள்ள நிலம் ராணுவத்தின் பீரங்கிப் பயிற்சிக் களம். செங்கொடி ஏற்றப்பட்டிருந்தால் வேலிக்கு அப்பால் போகக் கூடாது. பெரும்பாலான வார இறுதிகளிலும் சில விடுமுறைக் காலங்களிலும் பாதைகளைத் திறந்து விடுகிறார்கள். அப்போது புதைபடிவக் காட்டை, அதாவது ஜுராசிக் யுகத்தின் இறுதியில் மரங்களின் அடிப்பகுதியைச் சுற்றி நுண்ணுயிர்கள் படிந்து கல்லான வளையங்களை, பார்க்கப் போகலாம். ஓர் இரவு தங்குகிறவர்கள், மறுநாள் வார இறுதியாக இருந்தால், 1943 டிசம்பரில் ராணுவத்துக்காகக் காலி செய்யப்பட்டு இன்றுவரை யாரும் குடியேறாத டைனம் கிராமத்துக்குக் காரில் போய், அங்கிருந்து வொர்பாரோ கடற்கரைக்கு நடக்கலாம். அதுவும் கூழாங்கல் கரைதான், ஆனால் அங்கே கடையோ உணவகமோ கிடையாது. தண்ணீர் பாட்டில் முதல் எல்லாவற்றையும் கையோடு கொண்டு போக வேண்டும்.