டேப் பிடித்தவளை நம்பி 32,500 ரூபாய் போச்சு: எடை குறைப்பு மையத்துக்குப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

நேற்று சாயங்காலம் ஆறு மணிக்கு அந்த மையத்தின் வாசலிலேயே என்னை நிறுத்திவிட்டார்கள். "உங்கள உள்ள விடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கம்மா" என்றார் காவலாளி. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, சம்பளத்துக்கு நிற்கிறவர். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. அதனால்தான் விடிந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். கோர்வையாக வராவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். போனது 32,500 ரூபாய். துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷின் வாங்க இரண்டு வருஷமாகச் சேர்த்த பணம். எப்படிப் போனது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஏமாறாமல் எடையைக் குறைப்பது எப்படி என்று எனக்குத் தெரிந்ததைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

நான் மதுரையில் தையல் கடை வைத்திருக்கிறேன். பத்தொன்பது வருஷமாக மெஷினில் உட்கார்ந்தே வேலை. இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு ஏறிய எடை இறங்கவே இல்லை. முட்டி வலி தாங்க முடியாமல் போனபோதுதான் போனில் அந்த விளம்பரம் வந்தது. மெயின் ரோட்டில் ஒரு காம்ப்ளக்ஸின் இரண்டாவது மாடியில், ஏசி போட்ட எடை குறைப்பு மையம். ஒரு வாரம் 999 ரூபாய்க்குச் சோதித்துப் பார்க்கலாம், மூன்று மாதத்தில் 15 கிலோ உத்தரவாதம் என்று போட்டிருந்தது. பெயரை இப்போது எழுதவில்லை. வழக்கு போடும்வரை வேண்டாம் என்று வக்கீல் ஆபீஸில் குமாஸ்தாவாக இருக்கும் என் தம்பி சொல்லியிருக்கிறான்.

ஜூன் கடைசியில் போனேன். இருபத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண் உட்கார வைத்தாள். ஆலோசகர் என்று சொன்னார்கள். எடையைக் கேட்கவில்லை, பணத்தைப் பற்றிப் பேசவில்லை. நான் படியேறி வந்ததைப் பார்த்துவிட்டு, "முட்டி ரொம்ப வலிக்குதாக்கா?" என்றுதான் முதலில் கேட்டாள். வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தாள். என்ன வேலை என்று கேட்டவள், தையல் என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கம்மாவும் தையல்தான்க்கா, ராத்திரி அவங்க கால அமுக்கி விட்டுத்தான் நான் படுப்பேன்" என்றாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வீட்டில் யாரும் என் முட்டியைப் பற்றிக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று அப்போது நினைத்துக்கொண்டேன். அதற்குமேல் அவள் என்ன சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருப்பேன்.

அன்றைக்கு எடை 82.4 கிலோ. ஒரு வாரம் காலையும் இரவும் அவர்கள் கொடுத்த பவுடரைக் கரைத்துக் குடிக்க வேண்டும், மதியம் ஒரு கிண்ணம் காய், சாதம் கூடவே கூடாது. ஏழாம் நாள் 79.3. மூன்று கிலோ! அங்கே இருந்தவர்கள் எல்லாரும் கைதட்டினார்கள். கைதட்டல் ஓயும் முன்பே அந்தப் பெண் ஒரு தாளை நீட்டினாள். இன்றைக்கே கட்டினால் 32,500, நாளைக்கு என்றால் 45,000. ஜூலை 4ஆம் தேதி கட்டினேன். 20,000 ஜிபேயில், அதுவும் மையத்தின் பெயரில் இல்லாமல் யாரோ ஒரு தனி ஆளின் கணக்குக்கு. மிச்சம் 12,500 ரொக்கம். ரொக்கத்துக்கு பில் கேட்டேன். "சிஸ்டம் டவுன்க்கா, அடுத்த வாரம் வரும்போது தர்றேன்" என்றாள். அந்த அடுத்த வாரம் இன்றுவரை வரவில்லை.

இனி அந்த டேப் விஷயம். இதுதான் எனக்கு ஆறவே ஆறவில்லை.

முதல் நாள் என் இடுப்பை அளந்தபோது, சுடிதார் மேலேயே, துப்பட்டாவும் சேர்த்து, தொப்புளுக்குக் கீழே சரிவாக இருக்கும் பெரிய இடத்தில் டேப்பைத் தளர்வாகப் போட்டாள். 104 செ.மீ. மூன்றாவது வாரம், "மூச்ச உள்ள இழுங்கக்கா" என்று சொல்லி, தொப்புளுக்கு நாலு விரல் மேலே, டேப் சதைக்குள் பதியும்படி இழுத்துப் பிடித்தாள். 96. எட்டு சென்டிமீட்டர் குறைந்துவிட்டது என்று அட்டையில் எழுதி, பக்கத்தில் நட்சத்திரம் போட்டாள். அந்த டேப்பும் நாள்பட்டது, ஓரம் நைந்து நெளிந்திருந்தது. துணி டேப் இழுபட்டுவிட்டால் அளவைக் குறைத்துத்தான் காட்டும். அதனால்தான் என் கடையில் அவ்வப்போது மாற்றிவிடுவேன். ஒரே ஆளை இரண்டு தடவை அளந்தால் ஒரே இடத்தில், ஒரே இறுக்கத்தில் அளக்க வேண்டும் என்று என்னிடம் வேலை பழக வரும் பிள்ளைக்கு நான் முதல் நாளே சொல்லிக்கொடுக்கிறேன். அப்படிப்பட்ட நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன், வாயைத் திறக்கவில்லை. கட்டிய பணம் வீணாகவில்லை என்று நம்ப வேண்டியிருந்தது எனக்கு.

வீட்டுக்கு வந்து என் பழைய ஜாக்கெட் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். எட்டு சென்டிமீட்டர் குறைந்திருந்தால் அது தொளதொளவென்று நிற்க வேண்டும். கடைசி ஹூக் பழையபடியே மூச்சைப் பிடித்தால்தான் மாட்டியது.

எடை நின்றுபோய்விட்டது என்று சொன்னதும் ஒரு கேப்ஸ்யூல் டப்பா கொடுத்தார்கள். மூலிகை என்றார்கள். டப்பாவில் மையத்தின் ஸ்டிக்கர் மட்டும்தான். யார் தயாரித்தது, என்ன சேர்த்தது, எப்போது காலாவதி, எதுவும் கிடையாது. பவுடர் வந்ததும் வெறும் வெள்ளிக் கவரில்தான். கேப்ஸ்யூல் சாப்பிட்ட நாலாம் நாளே நெஞ்சு படபடவென்று அடித்தது, வாய் வறண்டது, ராத்திரி கொட்டக் கொட்ட விழித்திருந்தேன். போன் செய்தால், "பாடி அட்ஜஸ்ட் ஆகுதுக்கா, கொழுப்பு கரையும்போது அப்படித்தான் இருக்கும்" என்றாள். ஆகஸ்ட் நடுவில் ஒருநாள் பட்டு ஜாக்கெட்டுக்குக் கை வைத்துக்கொண்டிருந்தபோது கண் இருட்டியது. கால் பெடலில் இருந்து எடுக்கவில்லை, ஊசி இடது ஆள்காட்டி விரல் நகத்தைத் துளைத்துக்கொண்டு இறங்கியது. வீட்டுக்காரர்தான் சக்கரத்தைக் கையால் சுற்றி ஊசியை மேலே தூக்கினார். அந்த நகம் இன்னும் கறுத்துத்தான் இருக்கிறது.

கட்டுப் போடப் போன இடம் எங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையம். பிரஷர் 150/96. எனக்கு அதற்கு முன் பிரஷரே கிடையாது. டாக்டரம்மா கேப்ஸ்யூலைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு உடனே நிறுத்தச் சொன்னார். சிபுட்ராமின் என்று ஒரு பசி அடக்கும் மருந்து இருந்ததாம். இதயத்துக்கு ஆபத்து என்று 2011இல் இந்தியாவில் தடை செய்துவிட்டார்களாம். அதன் பிறகும் மூலிகை என்ற பெயரில் விற்கும் எடை குறைப்பு மாத்திரைகளில் அதைக் கலந்து பிடிபட்டிருக்கிறார்களாம். எனக்குக் கொடுத்ததில் என்ன இருந்தது என்று சோதித்துப் பார்க்காமல் நான் சொல்ல மாட்டேன். மிச்ச கேப்ஸ்யூலை டப்பாவோடு பத்திரமாக வைத்திருக்கிறேன்.

முதல் வாரம் குறைந்த மூன்று கிலோவைப் பற்றியும் அவரிடம் கேட்டேன். நாம் சாப்பிடும் சாதம், இட்லி எல்லாம் சர்க்கரையாக மாறி ஈரலிலும் தசையிலும் கொஞ்சம் சேமிப்பாக இருக்குமாம். அதன் ஒவ்வொரு கிராமோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீர் சேர்ந்திருக்குமாம். திடீரென்று சாதத்தை நிறுத்தினால் முதலில் அந்தச் சேமிப்பு கரையும், தண்ணீரும் போய்விடும். மறுபடி சாதம் சாப்பிட்டதும் திரும்பி வந்துவிடும். அங்கேயே ஒரு சீட்டில் கணக்கும் போட்டுக் காட்டினார். ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறக்குறைய 7,700 கலோரி. "மூணு கிலோ கொழுப்பு ஒரு வாரத்துல கரையணும்னா தினமும் 3,300 கலோரி குறையணும். நீங்க ஒரு நாளைக்குச் சாப்பிடறதே அவ்வளவு இருக்காதேம்மா" என்றார். இதைச் சொல்ல அவருக்கு ஐந்து நிமிஷம் ஆனது. ஒரு பைசா வாங்கவில்லை.

அங்கே எடை பார்த்தபோது 79.8. அதே வாரம் மையத்தின் அட்டையில் 77.6. அவர்களுடைய மெஷின் மெத்தென்ற கார்ப்பெட் மேல் இருக்கும். எடை மெஷினைக் கெட்டியான தரையில்தான் வைக்க வேண்டும் என்று அங்கிருந்த நர்ஸ் சொன்னார்.

அப்புறம்தான் அலைச்சல். பணத்தைத் திருப்பிக் கேட்டு எத்தனை தடவை அந்த மாடிப்படி ஏறினேன் என்று என் முட்டிக்குத்தான் தெரியும். டாக்டர் மேடம் மீட்டிங்கில் இருக்கிறார். (அந்த டாக்டர் மேடத்தை நான் ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை. போர்டில் பதிவு எண்ணும் கிடையாது.) மேனேஜர் மாறிவிட்டார், புதியவர் வரட்டும். புதியவர் வந்தார், "ரீஃபண்ட் எங்க பாலிசியிலயே இல்லம்மா, வேணும்னா உங்க சொந்தக்காரங்க யாரையாவது சேர்த்து விடுங்க, மிச்ச நாள அவங்களுக்கு மாத்தித் தர்றோம்" என்றார். என் நாத்தனாரையோ சித்தியையோ கொண்டுபோய் அந்த நாற்காலியில் உட்கார வைக்க வேண்டுமாம்! 12,500 ரொக்கம் கொடுத்ததற்கு அத்தாட்சி எங்கே என்று அவரே கேட்டார். "வீட்ல சாதம் சாப்பிட்டிருப்பீங்க, அதான் குறையல" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். வாட்ஸ்அப்பில் எழுதினேன், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. அப்புறம் அந்த நீல டிக்கும் விழவில்லை. அந்தப் பெண்ணுக்கு வேறு நம்பரிலிருந்து போன் செய்தேன். குரலைக் கேட்டதும், "யாருங்க பேசறது?" என்றாள். தையல்கார அக்கா என்றேன். வைத்துவிட்டாள்.

செப்டம்பரில் தலை சீவினால் கொத்துக் கொத்தாக முடி வந்தது. திடீரென்று சாப்பாட்டைக் குறைத்தால் இரண்டு மூன்று மாதம் கழித்து இப்படி ஆகும் என்றார் டாக்டரம்மா. இப்போது என் எடை 83.1. போனது எல்லாம் வந்துவிட்டது, மேலே அரை கிலோவுக்கு மேல் ஏறியும் இருக்கிறது. 32,500 ரூபாய் மட்டும் வரவில்லை.

இத்தனைக்கும் என் நாத்தனார் 14 மாதத்தில் ஒன்பது கிலோ குறைத்தவர். குறைத்து இரண்டு வருஷம் ஆகிறது, ஏறவில்லை. தினமும் காலையில் மாரியம்மன் தெப்பக்குளத்தை நாலு சுற்று நடப்பார், ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட வரும். சாதத்தை நிறுத்தவில்லை, இரண்டாம் தடவை போட்டுக்கொள்வதைத்தான் நிறுத்தினார். தட்டில் பாதிக்குக் கீரையோ பொரியலோ வைத்துக்கொண்டுதான் சோற்றுப் பானையைத் திறப்பார். ஒரு நாளைக்கு மூன்று டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை என்று இருந்ததை ஒன்றாக்கி, அரையாக்கி, இப்போது சர்க்கரையே இல்லாமல் குடிக்கிறார். நாலு மணிக்கு வடைக்குப் பதில் சுண்டல். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி உண்டு. அன்றைக்குக் காலையில் மட்டும் எடை பார்த்து நாள்காட்டியில் குறித்துவைப்பார். ஒரு கிலோ ஏறியிருந்தால் அந்த வாரமே சுதாரித்துக்கொள்வார், பத்து கிலோ ஆகட்டும் என்று காத்திருக்க மாட்டார். அவர் எடை குறைத்த அந்தப் பதினான்கு மாதமும் நான் பக்கத்துத் தெருவில்தான் இருந்தேன். மெதுவாக இருக்கிறதே என்று தோன்றியது எனக்கு.

விவரமாக எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன். கடைப் பையன் வந்துவிட்டான், தீபாவளிக்குக் கொடுக்க வேண்டிய பதினாலு ஜாக்கெட் அப்படியே கிடக்கிறது. அவசரத்துக்கு இது மட்டும்:

முதல் வாரம் குறைவதைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். "இன்னைக்கு மட்டும்" என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். தனி ஆள் கணக்குக்குப் பணம் போடாதீர்கள், பில் கைக்கு வராமல் ரொக்கம் கொடுக்காதீர்கள். பவுடர் கவரில் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் இல்லாவிட்டால் வாயில் வைக்காதீர்கள். பெயர் தெரியாத கேப்ஸ்யூல் வேண்டவே வேண்டாம். டேப்பை எங்கே வைக்கிறார்கள் என்று பாருங்கள்.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால் 1915க்கு போன் செய்யுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண். நான் செய்துவிட்டேன், புகார் எண் வந்திருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும் என்று தம்பி சொன்னான். உடல் பருமனைக் குணமாக்குகிறோம் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதையே தடுக்கிற சட்டம் 1954லிருந்து இருக்கிறதாம். அதையும் மனுவில் சேர்க்கிறான்.

மனு எழுதியாகிவிட்டது. அட்டை, ஜிபே ஸ்கிரீன்ஷாட், கேப்ஸ்யூல் டப்பா, பிரஷர் சீட்டு எல்லாம் ஒரு பையில் இருக்கிறது. அந்த 12,500க்குத்தான் சாட்சி வேண்டும். ஜூலை 4ஆம் தேதி மத்தியானம் எனக்கு முன்னால் நாற்காலியில் பச்சைச் சேலை கட்டிய ஒரு அக்கா உட்கார்ந்திருந்தார்கள், அவர்களும் அன்றைக்குத்தான் பணம் கட்டினார்கள். நான் நோட்டை எண்ணியபோது பார்த்தார்கள். இதைப் படித்தால் தயவுசெய்து எனக்குத் தகவல் சொல்லுங்கள் அக்கா.