சாகாவின் எக்சோஸ்: மாமரத்தடியிலா, தவுக்கே கடையிலா?

சாகா என்று பெயர் வைத்த நேரமோ என்னவோ, 2009இல் வாங்கிய என் புரோட்டோனின் இன்ஜின் இன்னும் சாகவில்லை. புகை வெளியேறும் எக்சோஸ் பைப்புதான் இரண்டு முறை செத்தது. முதல் முறை பின்பக்க சைலன்சர். அதைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) என் வீட்டு வாசலில், மாமரத்தடியில் நானே மாற்றினேன். இரண்டாம் முறை நடுப்பைப்பு. அதற்கு இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட் டவுனில், ஒரு தவுக்கே (முதலாளி) நடத்தும் கார் ரிப்பேர் கடைக்குப் போனேன். இரண்டையும் அனுபவித்தவன் என்பதால், எது லாபம் என்று கேட்கிறவர்களுக்குக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். தோட்டத்துக் கார்களுக்கு எக்சோஸ் சீக்கிரம் போவதற்குச் செம்மண் சாலையும் குழியும் மட்டும் காரணம் இல்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே வருகிறது. நீண்ட தூரம் ஓடினால் பைப்பு முழுக்கச் சூடாகி அந்த ஈரம் போய்விடும். லயத்திலிருந்து தமிழ்ப்பள்ளிக்கு, அங்கிருந்து மார்க்கெட்டுக்கு, திரும்ப வீட்டுக்கு என்று மூன்று கிலோமீட்டர் ஓட்டம் ஓடினால் சைலன்சர் சூடாவதற்குள் இன்ஜினை நிறுத்திவிடுகிறோம். தண்ணீர் டப்பாவுக்குள்ளேயே தங்கி, உள்ளிருந்து துரு தின்கிறது. வெளியே பார்த்தால் நன்றாக இருக்கும், தட்டினால் உள்ளே துருத்தூள் கலகலக்கும்.

சரி, வேலைக்கு வருவோம். பின்பக்க சைலன்சர் என் காரில் இரண்டு போல்ட்டிலும் மூன்று ரப்பரிலும்தான் தொங்குகிறது. கேட்டால் அரை மணி நேர வேலை என்று தோன்றும். எனக்கு ஒரு ஞாயிறு முழுவதும் போனது, திங்கள் காலை கொஞ்சமும் சேர்த்து.

ரப்பர் பிரச்சினையே இல்லை. சோப்புத் தண்ணீர் தடவி நெம்பினால் வழுக்கிக்கொண்டு வரும். போல்ட்டுதான் ஆளைக் கொல்லும். முந்தின இரவே டபிள்யூடி-40 அடித்து ஊறவைத்தேன். காலையில் பசியாறிவிட்டு வந்து 14 நம்பர் ஸ்பானரைப் போட்டேன். முதல் நட்டு கிர்ரென்று முனகிக்கொண்டே கழன்றது. இரண்டாவது அசையவே இல்லை. கோபத்தில் பைப்பை நுழைத்து இழுத்தேன், நட்டின் மூலையெல்லாம் வழித்துக்கொண்டு உருண்டையாகிவிட்டது. அப்புறம் மல்லாந்து படுத்து ஹேக்சாவால் அறுத்தேன். கண்ணாடி போடாமல் படுத்திருந்தால் அன்று விழுந்த துருவுக்கு நேராக ஈப்போ மருத்துவமனைக்குத்தான் போயிருக்க வேண்டும்.

அதில் ஒன்று கற்றுக்கொண்டேன். தூக்கிப் போடப்போகிற பக்கத்தை எப்படி வேண்டுமானாலும் அறுக்கலாம். காரிலேயே இருக்கப்போகிற பக்கத்து ஃபிளேஞ்சை, அதாவது பைப்பு முனையில் போல்ட்டு நுழைகிற தட்டை, காப்பாற்ற வேண்டும். அங்கே ஓட்டை விழுந்தால், அந்தத் தட்டின் காதில் ஒரு துண்டு உடைந்தால், வீட்டு வேலை அங்கேயே முடிந்தது. வெல்டிங் இல்லாமல் நகராது.

மாட்டும்போது எல்லாரும் செய்கிற தவறு, முதல் போல்ட்டையே முறுக்கி முடித்துவிடுவது. இணைப்பில் கசிவை அடைக்கும் புது கேஸ்கெட்டை வைத்து, எல்லாவற்றையும் தளர்வாக மாட்டி, ரப்பரில் தொங்கவிட்டு, பம்பரில் இடிக்கிறதா என்று பார்த்து, முன்னாலிருந்து பின்னால் வரிசையாக முறுக்க வேண்டும். பிறகு குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ஒரு ஆளைப் பைப்பின் வால் முனையில் தடித்த துணியைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிக்கச் சொல்லி, இணைப்பில் சோப்பு நுரை தடவிப் பார்க்கலாம். குமிழி வந்தால் கசிவு.

தவுக்கே கடையில் நடந்தது வேறு கதை. காரைத் தலைக்கு மேல் தூக்கும் ஹோய்ஸ்ட்டில் என் கார் ஏறியது. போமன் (மெக்கானிக்) கீழே நின்றுகொண்டே, தலைக்கு மேல் பார்த்து, ஒரு ஸ்குருடிரைவரால் இரண்டு தட்டு தட்டினார். “இனி சூடா ரெப்புட் லா,” என்றார் மலாயில், இது மக்கிப் போய்விட்டது என்று. எனக்கு மூன்று மணி நேரம் ஆன அதே ஜாதி நட்டை கேஸ் நெருப்பால் செக்கச்செவேலென்று ஆக்கி, ஒரு கை அசைவில் கழற்றினார். நான் வாங்கிய தே தாரேக் (ஆற்றிய பால் டீ) ஆறுவதற்குள் பழைய பைப்பு தரையில் கிடந்தது. அந்த நெருப்புக்கும் ஹோய்ஸ்ட்டுக்கும்தான் நாம் காசு கொடுக்கிறோம். கை வித்தைக்கும்தான், இல்லை என்று சொல்லவில்லை.

காசு என்று வந்தபிறகு கணக்கையும் சொல்லிவிடுகிறேன். சைலன்சர் 140 வெள்ளி (ரிங்கிட்), கேஸ்கெட்டும் போல்ட்டும் 12, ஸ்ப்ரே 18, ஆக 170. அதே வேலைக்குக் கடையில் எல்லாம் சேர்த்து 230 கேட்டார்கள். 60 வெள்ளி மிச்சம் என்று நான் மார்தட்டியபோது என் மனைவி, “ஜாக்கி ஸ்டாண்டு எவ்வளவு?” என்று கேட்டாள். ஜோடி 80. ஆக 20 வெள்ளி நஷ்டம். ஸ்டாண்டு அடுத்த வேலைக்கும் இருக்கும் என்று சமாளித்தேன்.

ஆனால் அந்த ஸ்டாண்டு இல்லாமல் காருக்கு அடியில் தலையை நுழைக்கவே வேண்டாம். காரோடு வருகிற ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டும்தான். மழை பெய்து இளகிய லயத்து மண்ணில் அது சாய ஒரு நொடி போதும். நான் பலகைக்கு மேல்தான் ஸ்டாண்டு வைத்தேன்.

பணத்தைவிட முக்கியமான இன்னொரு வித்தியாசம் தவணை. எங்கள் பக்கம் சம்பளம் ஏழாம் தேதி. தெரிந்த கடை என்றால் ‘ஏழாம் தேதி தா’ என்று காரை விட்டுவிடுவார்கள். பாகம் விற்கிற கடைக்காரர் அப்படி விடமாட்டார். அதே நேரம், வீட்டில் பாதிக் கழற்றி மாட்டிக்கொண்டால் மறுநாள் வேலைக்கு எதில் போவது? டவுனில் இருப்பவன் கிராப் வாடகைக் கார் பிடிப்பான். தோட்டத்துக்குள் இருப்பவன் பக்கத்து வீட்டு மோட்டாரைத்தான் கெஞ்ச வேண்டும்.

கடையிலும் கண் திறந்திருக்க வேண்டும். ஒரு கடையில் என் காருக்கேற்ற பாகம் இல்லாமல், பொது அளவு டப்பா ஒன்றை அறுத்து ஒட்டித் தருகிறேன் என்றார்கள். விலை குறைவுதான். ஆனால் போல்ட்டு இணைப்பு போய்விட்டால் அடுத்த முறையும், அதற்கடுத்த முறையும் வெல்டிங்தான். வீட்டில் கழற்றும் வழியே அடைபட்டுவிடும். 30 வெள்ளிக்குத் தம்பால், அதாவது ஓட்டைக்கு மேல் ஒட்டுப் போடுவதும் யோசிக்க வேண்டியதுதான். கெட்டியான பைப்பில் சின்ன ஓட்டைக்குப் பரவாயில்லை. உள்ளேயே துருப்பிடித்த சைலன்சரில் ஒட்டினால் ஒட்டின இடத்துக்குப் பக்கத்திலேயே புது ஓட்டை வரும். வெல்டிங் வைக்கும் முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றச் சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம். புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை மாற்றினால் பழையதைக் கேட்டு வாங்குங்கள். அதற்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கின்றன, இரும்புக்கடைக்காரருக்கு அது தெரியும்.

எக்சோஸின் முன்பகுதிக்கு, அதாவது இன்ஜின் பக்கத்துக்கு வந்தால் என் கருத்தில் போட்டியே இல்லை, கடைக்குத்தான் போக வேண்டும். அங்கே, புகையில் உள்ள ஆக்சிஜனை அளந்து பெட்ரோல் அளவைச் சரிசெய்ய உதவும் ஆக்சிஜன் சென்சார் இருக்கிறது. அதற்கு முன்னால் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, சென்சார் ஏமாந்து, பெட்ரோல் அதிகம் குடிக்கும். இன்ஜின் பக்கத்தில் கசிகிற புகை கேபினுக்குள் வந்தால் இன்னும் மோசம். அதில் இருக்கிற விஷவாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

சத்தத்துக்காக மாற்றுகிற இளைஞர்களுக்கு ஒரு வரி: வாகன இரைச்சலுக்கு இந்த நாட்டில் 1987லிருந்தே விதிமுறை இருக்கிறது. ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) ரோடு பிளாக்கில் ‘நானே மாட்டினேன்’ என்று சொன்னால் பாராட்டு கிடைக்காது.

போன வாரம் பக்கத்து வீட்டு அண்ணன் தன் மைவி காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். “தம்பி, உன்னிடம்தான் ஸ்டாண்டு இருக்கே, பின் சைலன்சரை ஞாயித்துக்கிழமை மாத்திடலாமா?” என்றார். கைவிளக்கோடு குனிந்து, போமன் செய்த மாதிரியே இணைப்புப் பக்கம் ஸ்குருடிரைவரால் தட்டினேன். மூன்றாவது தட்டில் ஸ்குருடிரைவர் பைப்புக்குள் போய்விட்டது. அண்ணனுக்குத் தவுக்கே கடைக்கு வழி சொல்லி அனுப்பினேன்.