வவுச்சரை நம்பிக் கப்பலேறினோம்

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளியிருக்கும் ஒரு சுற்றுலா முகவரிடம், சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் தீவுகளுக்குச் சென்று திரும்பும் நான்கு இரவுக் கப்பல் பயணத்துக்காக, அம்மா, மனைவி, மகள், நான் என நால்வருக்கும் விமானக் கட்டணம் நீங்கலாக 2,60,000 ரூபாய் கட்டினேன். இரண்டு பால்கனி அறைகள், தீவுகளில் சுற்றிக்காட்டும் பேருந்து, பணியாளர் சேவைக் கட்டணம் எல்லாம் அடக்கம் என்று அவர் தந்த வவுச்சரில் அச்சிட்டிருந்தது. அவற்றுள் ஒன்றுகூட உண்மையில்லை என்பது கப்பலேறிய முதல் நாள் மாலைக்குள் தெரிந்துவிட்டது.

மரினா பே கப்பல் முனையத்தில் பெட்டிகளை ஒப்படைத்து அறை அட்டைகளை வாங்கியபோது, கவுன்ட்டரில் இருந்த பெண் அறையைப் பற்றி ஏதோ சொன்னார். பின்னால் நின்ற வரிசையின் அவசரத்தில் நான் அதைக் காதில் வாங்கவில்லை. அறைக்குள் நுழைந்ததும் அம்மா நேராகத் திரைச்சீலையிடம் சென்று அதை விலக்கினார். அதன் பின்னால் பால்கனியும் இல்லை, ஜன்னலும் இல்லை. சுவரில் பதித்த நிலைக்கண்ணாடிதான் இருந்தது. காசிமேட்டில் பிறந்து வளர்ந்தவர் சற்று நேரம் அதையே பார்த்துவிட்டு, "கடலைக் காட்டுறேன்னு கூட்டினு வந்து என் மூஞ்சியைக் காட்டுறியேடா" என்றார்.

வரவேற்பு மேசையில் இருந்தவர் பொறுமையாகவே விளக்கினார். கப்பல்காரர்கள்மீது எனக்குக் குறையில்லை. எங்கள் பெயரில் பதிவாகியிருந்தவை ஜன்னலில்லாத உள் அறைகள், அதாவது அந்தக் கப்பலிலேயே மலிவானவை. பால்கனி அறைகள் நிரம்பிவிட்டதால் கூடுதல் பணம் தந்தாலும் மாற வழியில்லை. சேவைக் கட்டணம் தலைக்கு, இரவுக்கு எனக் கணக்கிடப்படும் என்பதால், நால்வருக்கும் சேர்த்துப் பதினாறு முறை அது எங்கள் கணக்கில் ஏறும். தீவுச் சுற்றுலா மேசையிலோ எங்கள் பெயரே இல்லை. புக்கெட்டில் கப்பல் கரையணையாமல் நங்கூரமிட்டு, பயணிகளைச் சிறு படகில் இறக்கும் என்பதையும் அங்கேதான் அறிந்தேன். அம்மாவின் முழங்கால் வலியைச் சொல்லித்தான் முகவரிடம் பதிவு செய்திருந்தேன்.

பாதுகாப்புப் பயிற்சிக்காக ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியும் எழுந்தபோது, நான் முகவரை மூன்றாம் முறையாக அழைத்துக்கொண்டிருந்தேன். "கப்பல் கிளம்பட்டும் சார், அப்கிரேடு ஆகிடும்" என்றார். கப்பல் கிளம்பியது, சற்று நேரத்தில் சிக்னலும் போய்விட்டது.

என் தவறு இதுதான்: வவுச்சர் என்பது முகவர் தன் கணினியில் தானே அச்சிடும் தாள் என்பதை நான் யோசிக்கவில்லை. கப்பல் நிறுவனம் வழங்கும் முன்பதிவு உறுதிச்சீட்டையும் அதிலுள்ள எண்ணையும் கேட்டு வாங்கி, நிறுவனத்தின் இணையதளத்தில் அந்த எண்ணை நானே இட்டு அறையின் வகையைப் பார்த்திருந்தால், மீதிப் பணத்தைக் கட்டும் முன்பே குட்டு வெளிப்பட்டிருக்கும். இன்னொன்றும் உண்டு, சொல்லவே வெட்கமாக இருக்கிறது. பில் போட்டால் ஜிஎஸ்டி சேரும் என்று அவர் சொன்னதைக் கேட்டு, பாதிப் பணத்தை அவருடைய மனைவியின் எண்ணுக்கு ஜிபேயில் அனுப்பினேன். பணம் யாருக்கு, எதற்காகச் சென்றது என்று நிரூபிக்க இப்போது வாட்ஸ்அப் உரையாடலைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது.

முதல் நாள் மாலையே எங்கள் பதிவு விவரத்தை வரவேற்பு மேசையில் அச்சிட்டு வாங்கியதும், அந்த நிலைக்கண்ணாடியைப் படமெடுத்ததும்தான் நான் செய்த உருப்படியான காரியங்கள். ஊர் திரும்பியதும் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தேன். அதன்பின் தீவுச் சுற்றுலாவுக்கான 24,000 ரூபாயை மட்டும் இரண்டு தவணைகளில் திருப்பித் தந்த முகவர், அறையைப் பற்றிப் பேச மறுக்கிறார். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வழக்குத் தொடர இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட ஆணையத்தில் கட்டணமும் இல்லை. மனுவை எழுதிக்கொண்டிருக்கிறேன். எங்கள் பக்கத்தில் வரும் விடுமுறைக்கு முன்பணம் கட்டியிருப்பவர்கள், மீதியைக் கொடுக்கும் முன் அந்த உறுதிச்சீட்டு எண்ணைக் கேளுங்கள்.