வெள்ளிக்கிழமை போட்ட செக்

வேன், திரீவீல், லொறி எதையாவது விற்க நினைத்திருப்பவர்கள் இதை ஒரு தடவை வாசித்துவிடுங்கள். வழக்கு நடப்பதால் எங்கள் வேனை வாங்க வந்து ஏமாற்றியவரின் பெயரை எழுதவில்லை. அவர் சொன்ன பெயர் அவருடையதுதானா என்பதே எனக்கு இன்னும் சந்தேகம்.

எங்களுடையது டொயோட்டா ஹையேஸ், எல்எச் 113. டொல்பின் என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். அப்பா வாங்கியது, அப்புறம் 14 வருஷம் நான் ஓட்டினேன். காலையில் ஸ்கூல் ஹயர். டிசம்பர் போயாவிலிருந்து (பௌர்ணமி) வெசாக் வரைக்கும் ஹட்டனிலிருந்து நல்லதண்ணிக்கு சிவனொளிபாதமலை ஹயர். அந்தப் பாதை இறக்கத்தில் பிரேக் லைனர் என்ன பாடுபடும் என்று இங்கே ஓட்டுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் சின்ன கியரில் மெதுவாக இறங்குவேன், பின்னால் வருகிறவன் ஹோர்ன் அடித்தால் அடிக்கட்டும். மழை ஊர் என்பதால் சீசன் முடிந்ததும் அடிப்பக்கம் கழுவி, காயவைத்து, துருப்பிடிக்காமல் பூச்சு அடித்துவிடுவேன். கராஜ் பில் எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தது.

முழங்கால் வலி வந்ததால் விற்க முடிவு செய்தேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியிருந்ததால் அப்போது பழைய வண்டிக்கு நல்ல விலை இருந்தது. 62 லட்சம் என்று விளம்பரம் போட்டேன். முதல் வாரம் வந்த அழைப்புகளில் பாதிப் பேர் வணக்கம்கூடச் சொல்லாமல் "லாஸ்ட் எவ்வளவு?" என்றார்கள். வந்து பார்த்தவர்கள் சீட் பழசு, பெயின்ட் மங்கல், டயர் மாற்றணும் என்று குறை சொல்லிவிட்டுப் போனார்கள். இப்போது யோசித்தால் அவர்கள்தான் உண்மையில் வாங்க வந்தவர்கள்.

அப்புறம் இவர் வந்தார். கண்டிப் பக்கம் என்றார், கூடவே ஒரு பாஸையும், அதாவது மெக்கானிக்கையும், கூட்டிக்கொண்டு வந்தார். பாஸ் எஞ்சினை ஓடவிட்டு ஒயில் மூடியைக் கழற்றிப் புகை வருகிறதா என்று பார்த்தார், கார்ப்பெட்டைத் தூக்கினார், படிக்கட்டின் அடியில் விரலை வைத்துத் தடவினார். நோர்வூட் வரை ஓட்டிவிட்டு வந்து, "அண்ணே, பிள்ளை மாதிரி வச்சிருக்கீங்க" என்றார் இவர். 14 வருஷத்தில் யாரும் சொல்லாத வார்த்தை. அந்த இடத்திலேயே நான் பாதி ஏமாந்துவிட்டேன். விலையிலும் 50,000 மட்டும்தான் குறைக்கச் சொன்னார். ஒரு லட்சம் காசாக முற்பணம் தந்தார்.

2024 ஆகஸ்ட் 16, வெள்ளிக்கிழமை. மத்தியானம் அழைத்து, மீதி 60 லட்சத்து 50 ஆயிரத்துக்கும் செக் எழுதி, கண்டியில் என் வங்கியின் கிளையிலேயே என் கணக்கில் போட்டுவிட்டதாகச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் வங்கியிலிருந்து எனக்கு மெசேஜ் வந்தது. போலி மெசேஜ் இல்லை, வங்கி அனுப்பியதேதான். ஆறு மணிக்கு மழையோடு மழையாக வந்து நின்றார். மறுநாள் கட்டுநாயக்கவில் ஒரு வெளிநாட்டுக் குடும்பம் இறங்குகிறதாம், வேன் இன்றிரவே வேண்டுமாம்.

"போயா கழிச்சுக் கொடுங்களேன்" என்றாள் மனைவி. "மெசேஜ் வந்திருச்சே" என்றேன் நான். அதற்குப் பிறகு இன்றுவரை அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியிருந்தால் தேவலை.

வேறு வங்கிச் செக்கை உங்கள் கணக்கில் போட்டால் தொகை உடனே கணக்கில் தெரியலாம், ஆனால் அது இன்னும் உங்கள் பணம் இல்லை. செக்கின் படம், வங்கிகளுக்கிடையே செக் பரிமாறும் லங்கா பே (முன்பு லங்கா கிளியர்) வழியாக எழுதியவருடைய வங்கிக்குப் போய், அவர்கள் சரி என்ற பிறகுதான் எடுக்க முடியும். வேலை நாளாக இருந்தால் அநேகமாக அடுத்த நாளே தெரிந்துவிடும். அந்த வாரம் சனி, ஞாயிறு, திங்கள் நிக்கினி போயா, மூன்று நாளும் வங்கி வேலை நாள் இல்லை. அவர் நாள் பார்த்துத்தான் வந்திருக்கிறார். எடுக்கக்கூடிய இருப்பு எவ்வளவு என்று போனில் ஒரு நிமிடம் பார்த்திருந்தால் எனக்கே விளங்கியிருக்கும்.

இதைவிடப் பெரிய மடத்தனம் ஒன்று செய்தேன். உரிமை மாற்றும் எம்.டி.ஏ. 6 படிவத்தில் வாங்குபவர் பெயரை வெற்றாக விட்டுக் கையெழுத்துப் போட்டேன். "தங்கச்சி பெயரில் எழுதணும், அடையாள அட்டை நம்பர் கையில இல்லை" என்றார். இந்த ஓபன் பேப்பர் பழக்கம் நம் ஊரில் சர்வசாதாரணம், எத்தனையோ வண்டி இப்படித்தான் நாலு கை மாறுகிறது. சட்டப்படி புதியவர் 14 நாளுக்குள் தன் பெயரில் பதிய விண்ணப்பிக்க வேண்டும், விற்றவரும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். நான் அறிவிக்கவும் இல்லை, அந்தப் படிவத்தை ஒரு போட்டோகூட எடுத்து வைக்கவில்லை. வண்டியின் பதிவுப் புத்தகம், சாவி, பிஸ்கட் டின் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுக் கைகாட்டி வழியனுப்பி வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை செக் திரும்பியது. காரணம், கணக்கு மூடப்பட்டது. அவர் போனும் அன்றைக்கே மூடிவிட்டது.

பொலிஸில் முதலில் "இது சிவில் விஷயம், லோயரைப் பாருங்க" என்றார்கள். லோயர் சொல்லித்தான் தெரிந்தது, பணம் இல்லை என்று தெரிந்தே செக் எழுதுவது 1990ஆம் ஆண்டின் கடன் அறவிடல் சட்டத்தில் குற்றம், ஏமாற்றிப் பொருளை வாங்கிக்கொள்வது தண்டனைச் சட்டக் கோவையில் தனிக் குற்றம். திரும்பிய செக், வங்கிக் கடிதம், விளம்பரம், போன் மெசேஜ் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிக்கொண்டு இரண்டாம் முறை போனபோதுதான் முறைப்பாட்டை எழுதினார்கள்.

நவம்பரில் வடமேல் கரையோரத்திலிருந்து ஒரு பொலிஸ்காரர் அழைத்தார். என் வேனில் சீட்டைக் கழற்றிவிட்டு அனுமதியில்லாமல் மாடு ஏற்றிப் போயிருக்கிறார்கள். புத்தகத்தில் என் பெயர், ஆகவே முதலில் என்னைத்தான் சந்தேகப்பட்டார்கள். வாக்குமூலம் கொடுக்க இரண்டு தடவை பஸ் ஏறினேன். ஹட்டனில் போட்டிருந்த முறைப்பாட்டின் பிரதி கையில் இருந்ததால் பிழைத்தேன். பெயர் மாறாமல் இருந்ததால்தான் வேனைத் திருப்பிக் கேட்கவும் வழி இருக்கிறது என்கிறார் லோயர்.

இனி ஒரு வண்டி விற்றால் வங்கிக்கு ஆளையும் கூட்டிக்கொண்டு போய், கணக்கிலிருந்து கணக்குக்கு மாறிய பணத்தை என் கண்ணால் பார்த்து, படிவத்தில் எல்லாக் கட்டமும் நிரம்பிய பிறகுதான் பேனாவைத் தொடுவேன். கொடுத்த தேதியோடு நேரத்தையும் எழுதி, அடையாள அட்டையின் இரண்டு பக்கமும் பிரதி எடுப்பேன். விற்க இன்னொரு வண்டி இல்லை என்பது வேறு விஷயம்.

வேன் இப்போது அந்தப் பொலிஸ் வளவில், தென்னை மரத்தடியில், உப்புக் காற்றில் நிற்கிறது. போன தடவை போனபோது குனிந்து படிக்கட்டின் அடியைத் தடவிப் பார்த்தேன், விரல் செம்மண் நிறமாக வந்தது. ஒரு படங்கு வாங்கிவந்து மூடிவிடட்டுமா என்று அங்கிருந்த சார்ஜன்டிடம் கேட்டேன். வழக்குப் பொருளில் கை வைக்கக் கூடாது என்றார்.