ஊத்தான் மெலிந்தாங் பக்கத்துக் கள்ளுக்கடை: மூன்று மணிக்கு முன்னால் போங்கள்

பேராக்கில், தெலுக் இந்தானிலிருந்து ஊத்தான் மெலிந்தாங் வழியாகப் பாகான் டத்தோ போகிற சாலையில், செம்பனை குறைந்து தென்னை கண்ணில் படத் தொடங்கும் இடத்தில் இருக்கிறது இந்தக் கடை. தகரக் கூரை, சிமெண்டுத் தரை, ஆறேழு மேசை. அலங்காரம் என்று எதுவும் இல்லை. ஊர்க்காரர் யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். நல்ல கள் குடிக்க வேண்டும் என்றால் இந்த வட்டாரத்தில் முதலில் இங்கேதான் அனுப்புவோம். ஆனால் மாலை ஐந்து மணிக்குப் போய்விட்டு "புளிக்கிறதே" என்று கடைக்காரரைக் குறை சொல்லக் கூடாது. கள்ளில் பாதி விஷயம் மரத்தில் இருக்கிறது, மீதிப் பாதி கடிகாரத்தில்.

கோலாலம்பூரில் கிராஃப்ட் பீர், அதாவது சிறு ஆலைகள் காய்ச்சும் பீர், ஊற்றும் கடைகள் பெருகிவிட்டன. அங்கே குழாயில் வருவதில் பெரும்பகுதி கப்பலேறி வந்தது. இந்த நாட்டில் மதுபானம் காய்ச்ச 1976ஆம் ஆண்டு கலால் சட்டத்தின் கீழ் சுங்கத்துறையின் உரிமம் வேண்டும். வீட்டு அடுப்பில் சோதனைக்காகப் பீர் காய்ச்சுவதும் குற்றம்தான். மற்ற நாடுகளில் சின்னச் சின்ன பீர்க்காரர்கள் வீட்டுக் கொட்டகையில் பழகித்தான் கடை திறக்கிறார்கள். அந்த முதல் படி நமக்கு இல்லை. ஷா ஆலாமில் கார்ல்ஸ்பெர்க், சுங்கை வேயில் ஹைனெக்கென் என்று இரண்டு பெரிய ஆலைகளே சந்தையை ஆள்வதற்கு இதுவும் ஒரு காரணம். அன்றைக்கு ஊறி, அன்றைக்கே நொதித்து, அன்றைக்கே தீர்ந்து போகிற உள்ளூர்ப் பானம் வேண்டுமானால் தோட்டப் பக்கம்தான் வர வேண்டும்.

கள் எப்படி வருகிறது என்று தெரிந்தால்தான் இந்தக் கடையின் அருமை புரியும். வெடிக்காத இளம் பாளையைக் கயிற்றால் நெருக்கிச் சுற்றிக் கட்டுவார்கள். பிறகு சிறு தடியால் தினமும் நோகாமல் தட்டி, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வளைத்து, நுனியைச் சீவுவார்கள். ஒரு வாரம் பத்து நாளில் நீர் சொட்டத் தொடங்கும். அதிலிருந்து காலையும் மாலையும் ஏறி, மெல்லிய சீவல் ஒன்று எடுத்துவிட்டு, நிறைந்த கலயத்தை இறக்கிப் புதுக் கலயம் கட்ட வேண்டும். தடிமனாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துவிடும். சீவாமல் விட்டால் வெட்டுவாய் காய்ந்து அடைத்துக்கொள்ளும். கைப்பழக்கம் உள்ளவர் ஒரு பாளையில் ஒரு மாதத்துக்கு மேல் எடுப்பார். நல்ல மரம் நாளுக்கு ஒன்று முதல் இரண்டு லிட்டர் தரும். இங்கே சீவுகிற மரங்களில் பல குட்டை ரகங்கள். ஏணி வைத்தே எட்டலாம் என்பதால் வேலை கொஞ்சம் எளிது, இறக்குவதும் தாமதமாவதில்லை.

சொட்டும்போது அது இனிப்பு நீர். நூறு மில்லியில் 12 முதல் 15 கிராம் சர்க்கரை இருக்கும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் நொதிப்பு அடங்கிப் பதநீராகவே நிற்கும். தடவாவிட்டால் காற்றிலும் பாளையிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் உடனே வேலையைத் தொடங்கிவிடும். சில மணி நேரத்தில் இரண்டு மூன்று விழுக்காடு ஆல்கஹால் சேரும். நாள் முடிவதற்குள் ஐந்து ஆறுக்குப் போகும். அதற்குப் பிறகு புளிப்பாக்கும் நுண்ணுயிர்கள் மேலோங்கி, காடியாக, அதாவது வினிகராக, மாறத் தொடங்கும். மரத்தை விட்டு இறங்கும் முன்பே பாதி நொதிப்பு நடந்துவிடுகிறது என்பதை நினைவில் வையுங்கள். இரவு முழுக்கக் குளிரில் சொட்டியதைக் காலையில் இறக்குகிறார்கள், அதில் இனிப்பு மிச்சமிருக்கும். பகல் வெயிலில் சொட்டியதை மாலையில் இறக்குகிறார்கள், அது இறங்கும்போதே மூக்கில் ஏறும்.

இந்தக் கடையில் காலைக் கள் பத்து மணிக்கு முன்னால் வந்துவிடுகிறது. பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை அதன் பொற்காலம். நுரை பொடிப்பொடியாக, பால் நிறத்தில், நாக்கில் லேசாகக் குத்தி, கடைசியில் இளநீர் வாசம் தரும். இரண்டு மணிக்கு இனிப்பு பின்வாங்கி எலுமிச்சைப் புளிப்பு முன்னால் வரும். காரமான கறியோடு குடிப்பவர்கள் இந்த நேரத்தைத்தான் விரும்புவார்கள், எங்கள் கட்சியும் அதுதான். நான்கு மணிக்கு மேல் பழகியவர்களுக்கு மட்டும்.

கடைக்காரர் கலயங்களைக் கொதிநீரில் கழுவி வெயிலில் கவிழ்க்கிறார். இது சாதாரண விஷயம் இல்லை. அடியில் தங்கும் மண்டி நேற்றைய புளிப்பை இன்றைய கள்ளில் விதைத்துவிடும். காலை பதினொரு மணிக்கே காடி வாடை அடிக்கும் கடைகளில் தப்பு பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. வடிகட்டுவதும் இரண்டு முறை: முதலில் தேனீயையும் பாளைத் துணுக்கையும் பிடிக்க நைலான் வலை, அடுத்து வெள்ளைத் துணி. துணியில் தேனீ நிறைய இருந்தால் முகம் சுளிக்க வேண்டாம், உண்மையான பாளை நீரைத் தேடித்தான் அவை வருகின்றன.

கலப்படத்தைக் கண்டுபிடிக்க மூன்று சோதனை போதும். தண்ணீர் ஊற்றிய கள் கண்ணாடிக் குவளையில் மெலிந்து, ஓரத்தில் நீலம் பாய்ந்த மாதிரி தெரியும், நுரை பெரிய குமிழாக வந்து உடனே உடையும். சாக்கரின் போட்டது முதல் வாயில் இனித்து, விழுங்கிய பிறகு நாக்கின் அடியில் கசப்பாக ஒட்டிக்கொள்ளும். சர்க்கரைத் தண்ணீரில் ஈஸ்ட் போட்டு ஊறவைத்ததில் ரொட்டி மாவு வாசம் தூக்கும், தென்னை வாசம் துளியும் இருக்காது. ஆண்டுக் கடைசி மழை மாதங்களில் நேர்மையான கடையிலும் கள் சற்று மெலிவாகத்தான் இருக்கும், கலயத்தின் வாயை எவ்வளவு மூடினாலும் மழை நீர் இறங்கும். அதைக் கலப்படம் என்று சொல்வது நியாயமில்லை.

விலை பலகையில் எழுதியிருக்கிறது, பீர் விலைக்குப் பக்கத்திலேயே வராது. ஐஸ் கேட்காதீர்கள். ஐஸ் கரைந்தால் கள் தண்ணீராகும். ஜக்கை ஐஸ் தொட்டியில் பத்து நிமிடம் நிறுத்தித் தரச் சொன்னால் செய்து தருகிறார்கள். தொட்டுக்கொள்ள நெத்திலி வறுவல், அவித்த முட்டை, கச்சான், மிளகு தூக்கலாகக் கோழி ஈரல் பிரட்டல். ஈரல் பிரமாதம், பன்னிரண்டரைக்குள் தீர்ந்துவிடுகிறது. நெத்திலியை முன்கூட்டியே பொரித்து வைப்பதால் மதியத்துக்கு மேல் நமுத்துப் போகிறது. அதைத் திருத்த வேண்டும். பிளாஸ்டிக் குவளைகளில் பழைய வாடை ஊறியிருக்கிறது, கண்ணாடிக் குவளை கேட்டு வாங்குங்கள். கழிவறை மோசம். பெண்கள் வந்து உட்கார்ந்து சாப்பிட்டுப் போகிற மாதிரி ஓர் ஓரமாவது ஒதுக்கலாம், இடம் தாராளமாக இருக்கிறது.

கள்ளுக்கடை என்றதும் நம் குடும்பங்களில் பல பெரியவர்களுக்கு முகம் மாறும். அதற்கு வலுவான காரணம் இருக்கிறது. தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடையை நிர்வாகம் அனுமதித்து, சம்பளம் வீட்டுக்குப் போகும் முன்பே அங்கே கரைந்த காலம் அது. 1941ல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. போருக்குப் பிறகு கெடாவில் தொண்டர் படை என்ற தோட்டத் தொழிலாளர் இயக்கம் கள்ளுக்கடைகளின் வாசலில் நின்று மறியல் செய்தது. அதை மறந்துவிட்டு நுரையை மட்டும் பேசுவது சரியில்லை. அதனால்தான் இந்தக் கடையை மதிப்பிடும்போது கடனைப் பற்றியும் சொல்கிறோம்: இங்கே கடன் புத்தகம் கிடையாது. போதை ஏறியவருக்கு அடுத்த ஜக் கிடையாது, சத்தம் போட்டாலும் கிடையாது. சுவைக்குக் கொடுக்கும் மதிப்பெண்ணைவிட இதற்கு அதிகம் கொடுக்கலாம்.

சட்டத்தில் வாடிக்கையாளர் தெரிந்துகொள்ள வேண்டியவை கொஞ்சம் உண்டு. உரிமம் இல்லாமல் கள் விற்பது குற்றம். கடையில் உரிமம் கண்ணில் படும்படி மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள், இங்கே கல்லாவுக்குப் பின்னால் இருக்கிறது. மது வாங்கும் வயது 2017 டிசம்பர் 1 முதல் 18லிருந்து 21 ஆனது. அடையாள அட்டை கேட்டால் கோபப்படாமல் காட்டுங்கள், கேட்கிற கடைதான் நல்ல கடை. வீட்டுக் கொல்லையில் விற்பவரிடம் மலிவாகக் கிடைக்கிறதே என்று போக வேண்டாம். சுத்தமான கள் காய்ச்சி வடிப்பதில்லை என்பதால் அதில் மெத்தனால் என்ற நச்சு ஆல்கஹாலின் ஆபத்து மிகக் குறைவு. ஆனால் போதை ஏறட்டும் என்று யாரோ எதையோ கலந்தால் கண் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்து 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

கிராஃப்ட் பீரையும் இந்தப் பக்கம் கொண்டுவந்தால் என்ன என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். ஆசை நியாயமானது, கணக்கு இடிக்கிறது. 2016 மார்ச் முதல் பீருக்கான கலால் வரி, அதிலுள்ள சுத்த ஆல்கஹால் லிட்டருக்கு 175 வெள்ளி (ரிங்கிட்) என்று ஆனது. 2025 நவம்பர் 1 முதல் அது இன்னும் 10 விழுக்காடு ஏறி 192 வெள்ளி 50 காசு. 320 மில்லி, 5 விழுக்காடு பீரில் 16 மில்லி ஆல்கஹால் இருக்கிறது, கலால் மட்டுமே 3 வெள்ளி 8 காசு. 7 விழுக்காடு கிராஃப்ட் பீர் 330 மில்லி என்றால் ஏறக்குறைய 4 வெள்ளி 45 காசு. அதற்கு மேல் இறக்குமதி வரி, குளிர்பெட்டியில் ஏற்றி வரும் செலவு, கடைக்காரர் லாபம். அடர்த்தியான பீர்தான் கிராஃப்ட் பீரின் அழகு, இந்த வரி அந்த அடர்த்தியைத்தான் அடிக்கிறது. விழாவாக நடத்தலாம் என்றால் அதுவும் சுலபமில்லை: 2017 அக்டோபரில் கோலாலம்பூரில் நடக்கவிருந்த கிராஃப்ட் பீர் விழாவுக்கு மாநகர மன்றம் அனுமதி மறுத்தது. தலைநகரிலேயே அப்படி என்றால் தோட்டத்து ஊரில் யார் முதல் போடுவார்கள்?

வண்டி விஷயத்தில் மட்டும் சமரசமே வேண்டாம். 2020 அக்டோபர் முதல் ஓட்டுபவருக்கு ஆல்கஹால் வரம்பு 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராம், 100 மில்லி மூச்சில் 22 மைக்ரோகிராம். முதல் தடவை சிக்கினாலே 10,000 முதல் 30,000 வெள்ளி அபராதம், 2 ஆண்டு வரை சிறையும் உண்டு. கள் "சும்மா குளிர்ச்சிக்கு" என்ற பேச்சை நம்ப வேண்டாம். அரை லிட்டர் கள் காலையில் 4 விழுக்காடு என்றால் 16 கிராம் ஆல்கஹால், அது ஒரு டின் பீரைவிட அதிகம். அதே அரை லிட்டர் மாலையில் 6 விழுக்காடானால் 24 கிராம், கிட்டத்தட்ட இரண்டு டின். குவளை அதே குவளை, விலை அதே விலை, ஏறுவது மட்டும் வேறு. இந்தச் சாலையில் மாலையில் மோட்டார் சைக்கிளும் செம்பனை லாரியும் ஒன்றாக ஓடுகின்றன, விளக்குகளும் குறைவு. ஓட்ட ஒருவரைக் குடிக்காமல் வைத்துக்கொண்டு வாருங்கள், இங்கே அழைத்த நேரத்துக்கு வாடகை வண்டி கிடைப்பதில்லை.

ஆப்பத்துக்கு வாங்கிப் போவோர் காலைக் கள்ளையே கேளுங்கள். அரைக் கிலோ பச்சரிசிக்கு 150 மில்லி, ஒரு பிடி சோறு, அரை மூடித் தேங்காய். நம் வெயிலுக்கு ஐந்து மணி நேரத்தில் மாவு பொங்கிவிடும், இரவெல்லாம் விட்டால் புளித்துப் போகும். போத்தலில் முக்கால் மட்டும் ஊற்றி, மூடியைத் தளர்வாக வையுங்கள். இறுக்கி மூடிய போத்தல் வெயிலில் நிறுத்திய காரில் வெடிக்கும், இருக்கையில் ஊறிய வாடை வாரக்கணக்கில் போகாது. மிஞ்சியதைக் கொட்டாமல் அகல வாய் ஜாடியில் ஊற்றித் துணி கட்டி நிழலில் ஐந்தாறு வாரம் வைத்தால் அருமையான தென்னங்காடி. மூடி போட்டால் காற்று கிடைக்காமல் காடி ஆகாது. பன்றிக்கறி ஊறவைக்கவும் ஊறுகாய்க்கும் கடையில் கிடைக்கும் வினிகரை இது தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

ஞாயிறு மதியத்தில் கூட்டம் அதிகம், பன்னிரண்டுக்கே காலைக் கள் தீர்ந்துவிடும். வார நாட்களில் வாருங்கள். ரொக்கம் மட்டும்.