மூச்சா, பேச்சா, மாத்திரையா: டென்ஷன் ஒடம்ப விட்டுப் போகலன்னா எது எதுக்கு?

"நெர்வஸ் சிஸ்டத்த ரீசெட் பண்ணுங்க"ன்னு ஒரு வீடியோ எங்க குடும்ப வாட்ஸாப் குரூப்புக்கு வாரத்துக்கு ஒண்ணாவது வந்துடுது, அதுக்குக் கீழயே வாக்குவாதமும் வந்துடுது. பத்துமலைப் பக்கம் யோகா கிளாஸ் போற சித்தப்பா மூச்சு சரியானா எல்லாம் சரியாயிடும்ங்கறாரு, கவுன்சலிங் படிச்ச அண்ணி பேசித்தான் தீரணும்ங்குறாங்க, நர்ஸா இருக்கற அக்கா "ரெண்டும் சரிதான், ஆனா பத்து நாளா தூங்காதவனுக்கு மொதல்ல மாத்திரை"ங்குது. யாரு சொல்றதும் தப்பில்ல, ஆனா ஆளுக்கொரு வேலையப் பத்திப் பேசறாங்க. படபடப்ப அடக்கறது ஒரு வேலை, உள்ள இருக்கற காயம் ஆறுறது வேற வேலை. இத பிரிக்காம எது பெஸ்ட்னு கேட்டா சண்டைதான் வரும்.

ஒடம்புல என்ன நடக்குதுன்னு பாத்துடலாம். பயம் வந்தா ஒடம்ப உஷார் பண்ற சிம்பதெட்டிக் நரம்புங்க கிளம்பி, அட்ரினலின் சுரந்து, சில செகண்டுலயே நெஞ்சு அடிக்கும், கை வேர்க்கும், வயிறு கலங்கும். சண்டை போடு இல்ல ஓடுங்கற இந்த நெலமையப் பத்தி 1915-லயே வால்டர் கேனன் எழுதிட்டாரு. இன்னொரு டென்ஷன் ஹார்மோனான கார்ட்டிசோல் அவ்வளவு வேகமில்ல, அது மெதுவா ஏறி 20-30 நிமிஷத்துல உச்சத்துக்குப் போகும், மேனேஜர் கத்தி முடிச்சு நாம கார எடுத்துட்டு ஃபெடரல் ஹைவே ஜேம்ல மாட்டிக்கிட்ட பிறகும் தாடை இறுகியே கெடக்கறதுக்கு அதுவும் ஒரு காரணம். இத அடக்கற பக்கத்துல முக்கியமானது வேகஸ் நரம்பு, மூளைல இருந்து நெஞ்சு, வயிறு வரைக்கும் எறங்கற பத்தாவது நரம்பு. 1921-ல ஆட்டோ லோவி ஒரு தவளை இதயத்தோட வேகஸத் தூண்டி விட்டாரு, துடிப்பு கொறஞ்சுது, அந்த இதயம் ஊறியிருந்த உப்புத் தண்ணிய எடுத்து இன்னொரு தவளை இதயத்துல விட்டாரு, அதுவும் மெதுவாச்சு. நரம்பு ரசாயனத்தாலதான் சேதி சொல்லுதுன்னு அதுல தெரிஞ்சுது, 1936-ல நோபல் பரிசும் கெடைச்சுது. எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது வேற ஒண்ணு. வேகஸ்ல இருக்கற இழைங்கள்ல ஏறத்தாழ 80 சதவீதம் ஒடம்புல இருந்து மூளைக்குப் போறது. அந்த வழியில மூளை உத்தரவு போடறத விட, ஒடம்பு சொல்றத மூளை கேக்கறதுதான் அதிகம்.

சித்தப்பா கட்சிக்கு இங்கதான் பலம். மூச்ச இழுக்கும்போது இதயம் கொஞ்சம் வேகமாகும், விடும்போது மெதுவாகும், அதனால விடற மூச்ச நீட்டறதுதான் சூட்சுமம். 2023-ல வந்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வுல ஒரு மாசம் தெனம் 5 நிமிஷம்னு மூணு விதமான மூச்சுப் பயிற்சியையும் மைண்ட்ஃபுல்னஸ் தியானத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தாங்க. பதட்டம் எல்லா குழுவுலயும் கொறைஞ்சுது, மனசு உற்சாகமாகறதுல மட்டும் பெருமூச்சுப் பயிற்சி தியானத்த முந்திடுச்சு. மூக்கால நல்லா இழுத்து, அதுக்கு மேலயே இன்னொரு குட்டி இழுப்பு, அப்புறம் வாயால காத்து தீர்ற வரைக்கும் மெதுவா விடணும், அவ்ளோதான். காசு செலவில்ல, மஸ்ஜிட் ஜாமெக்ல எல்.ஆர்.டி. ரயிலுக்கு நிக்கும்போதே செய்யலாம். ஆனா பேனிக், அதாவது திடீர்னு பெரும் பயம் பொங்கறது, வர்ற சிலருக்கு மூச்சையே கவனிச்சா பயம் இன்னும் ஏறும், அவங்கள தயவுசெஞ்சு வற்புறுத்தாதீங்க, எழுந்து வேகமா நடக்கச் சொல்லுங்க, பினாங்குல இருக்கறவங்களுக்கு தண்ணீர்மலைப் பக்கம் பொட்டானிக்கல் கார்டன் இருக்கு.

அப்படியிருந்தும் மூச்சு படபடப்ப அடக்கும், காயத்த ஆத்தாது. என் சின்னம்மா மகன் செந்தூல்ல மோட்டார்ல சாப்பாடு டெலிவரி பண்றவன், ஜாலான் ஈப்போல ஒரு சிக்னல்ட்ட லோரி இடிச்சு விழுந்தான். கால் தேறிடுச்சு, மனசு தேறல. "மூச்சு விடும்போது நல்லாத்தான் இருக்குண்ணே, அந்த சிக்னல் கிட்ட போனா கை நழுவுதுண்ணே"ன்னான். அந்த எடத்தத் தவிர்க்க எவ்ளோ சுத்தி வேணா போவான், ஆர்டர் லேட்டாகி திட்டும் வாங்குவான். தெரபிஸ்ட் அவன மூச்சு விட மட்டும் சொல்லல. மொதல்ல அன்னிக்கு நடந்தத ஆரம்பத்துல இருந்து சத்தமா சொல்ல வச்சாங்க, பிரேக் சத்தம், ரோட்டோட சூடு, ஹெல்மெட்டுக்குள்ள அவன் மூச்சு சத்தம் வரைக்கும். அப்புறம் கார்ல பின்சீட்டுல ஒக்காந்து அந்த வழியா போகணும், அப்புறம் அங்க ஒரு கடை வாசல்ல பயம் தானா எறங்கற வரைக்கும் நிக்கணும், கடைசியாதான் மோட்டார். பழைய பய ஞாபகத்த மூளை அழிக்காது, அது பக்கத்துலயே "இங்க நின்னேன், ஒண்ணும் ஆகல"ங்கற புது பாடத்த எழுதும், அத வச்சுதான் மூளையோட முன்பகுதி, பயத்த எழுப்பற அமிக்டலாங்கற பகுதிய அடக்கும். விலகி விலகிப் போனா அந்த பாடம் எழுதவே படாது. மூச்சுப் பயிற்சி மட்டும் செஞ்சவனுக்கு இது கெடைக்காது, அதனால அடிபட்ட காயத்துக்கு நான் அண்ணி பக்கம்தான்.

பேச்சுலயும் எல்லாம் ஒண்ணில்ல. சும்மா வாரா வாரம் போய் கொட்டிட்டு வர்றதும் ட்ராமாவுக்குன்னே, அதாவது மனசுல பட்ட அதிர்ச்சிக் காயத்துக்குன்னே இருக்கற சி.பி.டி.யும் (நெனைப்பையும் நடத்தையையும் மாத்தப் பழக்கற பேச்சு சிகிச்சை) வேற வேற. பி.டி.எஸ்.டி.க்கு, அதாவது பெரிய அதிர்ச்சிக்கு அப்புறம் விடாம தொடர்ற மன பாதிப்புக்கு, 2013-ல உலக சுகாதார நிறுவனம் சொன்னதுல ரெண்டு, அந்த சி.பி.டி., இன்னொன்னு ஈ.எம்.டி.ஆர்., அதாவது கண்ண இடம் வலமா நகர்த்திக்கிட்டே அந்த ஞாபகத்த நெனைக்கறது. அந்தக் கண் அசைவு எந்த அளவுக்கு வேலை செய்யுதுங்கறதுல இன்னும் வாதம் நடக்குது, ஆனா மொத்த சிகிச்சைக்கு பலன் இருக்கு. வெவரமா பேசவே வராதவங்களுக்கு நான் ஈ.எம்.டி.ஆர்.தான் சொல்லுவேன்.

மாத்திரை விஷயத்துல நம்ம ஆளுங்க கேவலமா நெனைக்கறாங்க பாருங்க, அது எனக்கு மனசு வலிக்கும். டாக்டருங்க பதட்டத்துக்கு அதிகமா எழுதற எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரை வேலை செய்ய 2-6 வாரம் ஆகும், முதல் வாரத்துல வயிறு பொரட்டும், பலபேரு அப்பவே விட்டுடறாங்க. 2022-ல ஒரு ஆய்வுல பதட்ட நோய்க்கு எஸ்சிட்டலோப்ராம்ங்கற அந்த வகை மாத்திரையையும் 8 வாரத் தியான வகுப்பையும் ஒப்பிட்டுப் பாத்தாங்க, தியானம் மாத்திரைக்கு சளைக்கல. இத வச்சு மாத்திரைய தூக்கிப் போடச் சொல்றவங்க ஒண்ண சொல்றதில்ல, அந்த வகுப்புல சேந்தவங்க தெனம் வீட்டுல 45 நிமிஷம் ஒக்காரணும். பாயான் லெப்பாஸ் ஃபேக்டரில 12 மணி நேர ஷிப்ட் முடிச்சு வர்ற பொம்பளைக்கு அந்த 45 நிமிஷம் எங்கருந்து வரும்? அவங்களுக்கு மாத்திரை தூக்கத்தக் குடுத்து, பேசற அளவுக்குத் தெம்பு குடுத்தா அதுவே பெரிய விஷயம். டாக்டரக் கேக்காம திடீர்னு மட்டும் நிறுத்தக்கூடாது.

வேகஸ தூண்டற மெஷின் ஆன்லைன்ல விக்கறாங்க, காசு இருந்தா சி.பி.டி.க்குப் போடுங்க. வேகஸ்ல ரெண்டு தனித்தனி கிளை இருக்கு, அதுங்கதான் நம்ம பயத்தையும் நிம்மதியையும் நடத்துதுங்கற பாலிவேகல் தியரின்னு நெறைய பேரு சொல்றதுலயும் கவனம், 1994-ல ஸ்டீஃபன் போர்ஜஸ் சொன்ன அந்த உடற்கூறு விளக்கத்த நரம்பியல் ஆளுங்க பலபேரு ஏத்துக்கல, அத வச்சு சொல்லித் தர்ற பயிற்சி சிலருக்கு உதவுதுங்கறது வேற கதை.

இங்க மலேசியாவுல செலவப் பாத்தா, அரசாங்க கிளினிக்கான கிளினிக் கெசிஹத்தான்ல 1 வெள்ளி (ரிங்கிட்), அங்கருந்தே ஸ்பெஷலிஸ்டுக்கு எழுதிக் குடுப்பாங்க, காத்திருக்கணும். தனியார் கவுன்சலிங் ஒரு தடவைக்கே 150 வெள்ளியத் தாண்டிடும். மனநல ஆஸ்பத்திரி இருக்கற ஊரச் சொல்லி "தஞ்சோங் ரம்புத்தானுக்கா போற?"ன்னு கேக்கற வாயெல்லாம் இன்னும் இருக்கு, ஆனா 2023 தேசிய சுகாதார சர்வேல மன அழுத்த நோய் (டிப்ரஷன்) 4.6 சதவீதம் பேருக்கு, 2019-ல அது 2.3 தான். அவசரமா பேசணும்னா அரசாங்கத்தோட மனநல உதவி எண் ஹீல் லைன் 15555. புக் பண்ணும்போதே தமிழ்ல பேசற ஆள் இருக்காங்களான்னு கேட்டுடுங்க, அம்மாவக் கூட்டிட்டுப் போறதா இருந்தா கட்டாயம் கேளுங்க, மார்க்கெட்டுல மலாய் சரளமா பேசறவங்களுக்கும் புருஷன் போன துக்கத்த மலாய்ல சொல்ல வராது.